பிள்ளையார் வராத ஒழுங்கை

ஓவசியர் ஐயாவை நினைக்கும்போது எனக்கு முதலில் தெரிவது அவர் தலையில் கவிழ்த்து வைத்த ஒரு சின்ன மேசை. நாலு கால்களும் வானத்தைப் பார்க்க, இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்தபடி, எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டிலிருந்து அவர் நடந்து வருவார். அவருக்கு முன்னால் அவருடைய மனைவி வருவார்; இடுப்பில் மினுக்கிய பித்தளைக் குடம், மற்றக் கையில் தேங்காயும் மாவிலையும் வைத்த தட்டம். வருடத்தில் ஒரு நாள், எங்கள் பிள்ளையார் கோயில் வேட்டைத் திருவிழா அன்று, பின்னேரம் நாலு மணிக்கும் நாலே காலுக்கும் இடையில் இவர்கள் எங்கள் வீட்டைக் கடப்பார்கள். கடைசி வீட்டிலிருந்து ஒழுங்கை வாசலுக்கு என் நடையில் முந்நூற்றுப் பத்து எட்டு. வழியில் மேசை ஒருதரம்தான் இறக்கப்படும், அதுவும் எங்கள் வாசல் படலையடியில். அந்த ஓய்வில் அக்கா (ஓவசியர் ஐயாவின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்) ஒவ்வொரு வருடமும் ஒரே வசனத்தைச் சொல்வார். "பாரன் பிள்ளை, பிள்ளையாருக்கு எங்கடை வீடு தூரமாம். நாங்கள்தான் அவரிட்டைப் போகவேணுமாம்."

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. ஊர்வலம் போகிற சுவாமி வந்த வழியால் திரும்பாது. சகடை என்று நாங்கள் சொல்லுகிற தாழ்ந்த வண்டியில் பிள்ளையாரை வைத்து இழுத்துக்கொண்டு, ஊரை வலமாகச் சுற்றி, வேறு வழியால் கோயிலுக்கு வந்து சேரவேண்டும். வீட்டுக்காரர் வாசலில் மேசை போட்டு, நிறைகுடம் வைத்து, விளக்கேற்றிக் காத்திருப்பார்கள். சகடை ஒரு நிமிடம் நிற்கும். ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டு அர்ச்சனை செய்வார். தேங்காய் உடையும், சகடை நகரும். எங்கள் ஒழுங்கைக்கு மட்டும் இது இல்லை, ஏனென்றால் அது ஒரு முடக்கு. ஒரு தலைப்பில் வாசல், மறு தலைப்பில் வேலி. உள்ளே வந்தால் பிள்ளையார் திரும்பித்தான் போகவேண்டும், அவரோ திரும்பமாட்டார். ஆகவே பதினொரு வீட்டுக்காரரும் மேசைகளைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கை வாசலிலுள்ள வைரவர் கோயிலடிக்குப் போவோம். பதினொரு மேசையும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கும். எந்தக் குடம் யாருடையது என்று ஐயருக்குப் பிடிபடாது. ஒருமுறை என் நட்சத்திரத்தோடு அடுத்த வீட்டு மாமாவின் பெயரைச் சேர்த்து அர்ச்சனை நடந்துவிட்டது. அந்த வருடம்தான் தனக்குப் பென்சன் கூடியதென்றும், அதில் எனக்குப் பங்கில்லை என்றும் அவர் இன்றுவரை என்னைக் கண்டால் சொல்லுவார்.

எங்கள் பத்து வீட்டுக்கும் இது ஒரு பகிடி. அக்காவுக்கு அப்படியல்ல. அந்தக் கடைசி வீடு அவருடைய சீதன வீடு. பிறந்தது, வளர்ந்தது, கலியாணம் முடித்தது எல்லாம் அங்கேதான். இடம்பெயர்ந்திருந்த காலம் போக, ஒரு திருவிழாவையும் அவர் தவறவிட்டதில்லை. ஒருமுறையாவது தன் படலையில் பிள்ளையார் நிற்கவேண்டும் என்பதுதான் அவர் கேட்டது. நகை கேட்டதாகவோ, பிரான்சிலிருக்கும் மகனிடம் போய் வரவேண்டுமென்று கேட்டதாகவோ எனக்குத் தெரியாது.

திகதி போடாமல் எதையும் எழுதிப் பழக்கமில்லாதவள் நான். இருந்தாலும் இங்கே ஆண்டுகளைப் போடவில்லை. போட்டால் எங்கள் ஊரார் விரல் மடித்து எண்ணி, எந்த ஒழுங்கை, எந்தத் தோட்டம் என்று அரை மணித்தியாலத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். கிழமையையும் நேரத்தையும் மட்டும் தருகிறேன். அவை என் குறிப்புக் கொப்பியில் உள்ளபடி.

ஓவசியர் ஐயா எங்கள் உள்ளூராட்சிச் சபையில் வீதி வேலைகளைப் பார்த்தவர். அந்த உத்தியோகத்துக்கு இப்போது நீளமான வேறு பெயர் இருக்கிறது. ஊர் அவரை ஓவசியர் என்றே அழைத்து முடித்தது. நான் அதே சபையில் எழுதுவினைஞராக இருந்தேன். அவர் தருகிற அளவுகளைப் பதிவேட்டில் ஏற்றுவது என் வேலைகளில் ஒன்று. மெலிந்த, உயரமான மனிதர். சைக்கிள் காரியரில் எப்போதும் தோல் உறையில் ஓர் அளவு நாடா. "ஒழுங்கை எண்டால் அதுக்கு ரெண்டு வாசல் இருக்கவேணும் பிள்ளை, ஒரு வாசல் மட்டுமெண்டால் அது ஆரோ ஒராளின்ரை வளவு" என்பார். நான் எண்ணி வைத்திருக்கிறேன்: அவர் பதவியில் இருந்த காலத்தில் பத்தொன்பது முடக்குகளை மறுபக்கத்து வீதியோடு சேர்த்துவிட்டார். காணிக்காரரோடு கதைத்து, வேலியை உள்ளே தள்ளுவித்து, தேவைப்பட்டால் கடிதம் எழுதி. அந்தக் கடிதங்கள் பிரசித்தம். பதினாலு நாள் தவணை கொடுத்து, வேலி வீதிக்குள் எத்தனை அடி எத்தனை அங்குலம் வந்திருக்கிறது என்று கால் அங்குலம் வரை சொல்லி, கீழே "தங்கள் உண்மையுள்ள" என்று முடியும்.

தன் ஒழுங்கையை மட்டும் அவர் தொடவில்லை. தொடாதது மட்டுமல்ல, எங்கள் ஒழுங்கைக்குத் தார் போட்டபோது தன் வீடும் சேர்ந்த கடைசி மூன்று வீட்டுக்கு முன்னாலேயே வேலையை நிறுத்திவிட்டார். மிச்சத்துக்குக் கல்லும் தாரும் இருந்தன. "தன்ரை படலை மட்டும் தார் ஊத்தினவன் எண்டு ஒருத்தன் என்னைச் சொல்லப்படாது" என்றார். கடைசி மூன்று வீட்டுக்காரரும் மாரி முழுவதும் சேற்றில் நடந்தார்கள், அதில் அவரும் ஒருவர். அக்கா வெள்ளத்துக்குள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வருகிற நாட்களில், எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படிதான் கதைப்பார். "ஊருக்கெல்லாம் வழி விட்டனீங்கள். நான் கும்பிடுற பிள்ளையாருக்கு மட்டும் வழியில்லை." அவர் பதில் சொல்லமாட்டார். திருவிழா அன்று மேசையைத் தலையில் தூக்குவது அவர் சொன்ன பதில் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

நகரங்கள் எப்படி வளர்ந்தன என்பது பற்றிக் கையில் கிடைத்த புத்தகங்களையெல்லாம் படித்திருக்கிறேன். அவற்றில் வரும் நகரங்களில் முதலில் வீதியைக் கோடாகப் போடுகிறார்கள், பிறகு அதன் கரையில் வீடுகளை அடுக்குகிறார்கள். எங்கள் பக்கத்தில் முதலில் வந்தது கிணறு. கிணற்றைச் சுற்றி வளவு, வளவைச் சுற்றி வேலி. இந்த வேலிக்கும் அடுத்த வேலிக்கும் நடுவில் மிஞ்சிய நிலம்தான் ஒழுங்கை. ஆகையால் அது ஒரு பனையைக் கண்டு வளையும், ஒரு கிணற்றைக் கண்டு ஒதுங்கும், யாரோ ஒருவரின் தோட்டத்தில் முட்டி நின்றுவிடும். நின்ற இடத்தில் சனங்கள் வேலியில் ஒரு பொட்டு வைத்துக்கொள்வார்கள். பொட்டு என்பது ஆள் குனிந்து நுழையக்கூடிய ஓட்டை. அதற்குக் காணி உறுதிப் பத்திரத்தில் இடமில்லை, நில அளவைப் படத்தில் கோடில்லை. ஆனால் அடுத்த வேலியடைப்பில் அதை அடைத்தால் பெரிய கோபம் வரும்.

எங்கள் ஒழுங்கையின் கடைசி வேலியிலும் ஒரு பொட்டு இருந்தது. வேலிக்கு அங்கால் தோட்டக்கார அண்ணையின் காணி. மனிதர் கட்டையானவர், சுருட்டுக்காரர், நல்ல விவசாயி. அவருடைய புகையிலைக்கும் பீற்றூட்டுக்கும் நடுவிலுள்ள வரம்பால் நடந்தால் பின்வீதி. சந்தை, பஸ், பள்ளிக்கூடம் எல்லாம் அந்தப் பக்கம். சைக்கிளைப் பொட்டுக்குள்ளால் எடுக்க ஒரு முறை இருந்தது: முதலில் முன்சில்லு, பிறகு ஹாண்டிலை இடப்பக்கம் ஒடித்து, கடைசியில் சீற்றை அமத்திச் சரித்து. எனக்கு அது பத்து வினாடி வேலை. நாய்கள் வந்தன, கோழிகள் வந்தன, கலியாணத்துக்குச் சொல்ல வருகிறவர்கள் சேலையை ஒதுக்கிக்கொண்டு வந்தார்கள். பிள்ளையார் மட்டும்தான் பொட்டுக்குள்ளால் வரமுடியாதவர்.

சண்டை ஓய்ந்து பாதை திறந்து, இடம்பெயர்ந்து போனவர்கள் வந்து, வெளிநாட்டுக் காசும் வந்த பிறகு நகரம் நல்லூரைத் தாண்டி எங்கள் பக்கம் நடக்கத் தொடங்கியது. தோட்டக்கார அண்ணைக்கு மூன்று பெண் பிள்ளைகள். தோட்டத்தைத் துண்டுகளாகப் பிரித்து மூன்றைப் பிள்ளைகளுக்கு வைத்துக்கொண்டு மிச்சத்தை விற்றார். துண்டுகளுக்கு வழி வேண்டுமென்பதால் பின்வீதியிலிருந்து பன்னிரண்டு அடியில் நேரான ஒரு புது ஒழுங்கை வெட்டினார். அது எங்கள் கடைசி வேலி வரை வந்தது. வந்ததும், அந்த வேலியைப் பிடுங்கிவிட்டுக் குறுக்கே ஒரு மதில் கட்டினார். பொட்டு போய்விட்டது. நாலு நிமிடத்தில் போன சந்தைக்குச் சுற்றிப் போகப் பதினேழு நிமிடம் எடுத்தது. மூன்று நாள் நேரம் பார்த்துச் சராசரி எடுத்தேன்.

ஊர் பெருத்தால் வழிகளும் பெருகும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். என் கொப்பியில் ஒழுங்கைகளின் பட்டியல் நீண்டது உண்மைதான். ஆனால் புதிதாக வந்தவற்றில் பெரும்பாலானவை முடக்குகள். ஒவ்வொருவரும் தன் துண்டுகளுக்கு வழி வெட்டி, பக்கத்துக் காணியில் முட்டியதும் மதிலை எழுப்பினார்கள். தன் வழியால் மற்றவன் போகக்கூடாது. முதுகோடு முதுகாக இருந்த வீடுகளுக்கு நடுவில் நடை கூடியது. ஒரே கறிவேப்பிலை மரத்தில் பிடுங்கிச் சமைத்தவர்கள் விருந்தினரைப்போல வாசலால் வந்து மணி அடிக்க வேண்டியதாயிற்று. ஓவசியர் ஐயா வீட்டிலும் அந்தக் காலத்தில்தான் வேலி போய் மதில் வந்தது. மகன் அனுப்பிய காசு. கம்பிப் பூ வைத்த பச்சைக் கேற். ஐயா அப்போது பென்சனில் இருந்தார்.

குறுக்கு மதிலைப் பார்த்தபோது எல்லோரும் பொட்டுக்காக அழுதோம். அக்கா வேறு விதமாகப் பார்த்தார். மதிலுக்கு அந்தப் பக்கத்திலும் பன்னிரண்டு அடி ஒழுங்கை, இந்தப் பக்கத்திலும் ஒழுங்கை. நடுவில் ஒரு கல் அகலம். பிள்ளையாருக்கும் அவருடைய படலைக்கும் இடையில் தோட்டம் நின்ற காலத்தில் அது நடக்காத காரியம். இப்போது அது வெறும் ஒன்பது அங்குலம். திருவிழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஒரு சீப்புக் கதலிப்பழத்துடன் என்னையும் கூட்டிக்கொண்டு சுற்றுவழியால் தோட்டக்கார அண்ணை வீட்டுக்குப் போனார்.

"வாங்கோ, இருங்கோ" என்றார் அண்ணை. பழத்தைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். "ஓவசியர் வரேல்லையோ? அவர் வராட்டிலும் அவற்றை கடுதாசி வருமே."

"கடுதாசி இல்லை அண்ணை, கதலிதான்" என்றார் அக்கா. "எனக்கு நடக்க வழி வேண்டாம். சுத்திப் போறன். வருசத்திலை ஒரு நாள், பிள்ளையார் போகுமட்டும், அந்த மதிலிலை ஒரு வாசல் வேணும்."

அண்ணை சுருட்டை அணைத்துக் காதில் செருகிக்கொண்டார். "பிள்ளையாரோடை எனக்கென்ன கோவம் தங்கச்சி? உம்மோடையும் இல்லை. உம்மடை மனுசன் என்ரை பின்வீதி வேலியை ஒரு முழம் உள்ளுக்குத் தள்ளுவிச்சவர். சனம் பாத்துக்கொண்டு நிக்க, பன்ரண்டு வேலிக் கதியாலை நானே பிடுங்கினனான். இப்ப அவர் தன்ரை மதிலை அளக்கட்டும். பழைய படத்திலை உள்ளபடி நிண்டால் என்ரை மதிலை நானே இடிக்கிறன். வருசத்திலை ஒரு நாளில்லை, எல்லா நாளும் திறந்துவிடுறன்."

"இல்லாட்டி?" என்று நான் கேட்டேன்.

"இல்லாட்டி அவரும் ஒருக்கால் சனத்துக்கு முன்னாலை பிடுங்கட்டும். பேந்து கதைப்பம்."

ஓவசியர் ஐயாவிடம் சொன்னபோது அவர் சிரித்தார். அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் கண்டதில்லை. "அளக்கட்டும், அளக்கட்டும். முப்பது வருசம் நான் அளந்த ஊர்" என்றார். அக்கா அன்றே பித்தளைக் குடத்துக்குப் புளி போட்டு மினுக்கத் தொடங்கிவிட்டார்.

புதன்கிழமை காலை ஒன்பதே கால். நான் சபையிலிருந்து பழைய படத்தின் பிரதியை எடுத்து வந்திருந்தேன். ஒழுங்கையில் உள்ள அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். தோட்டக்கார அண்ணை சுற்றுவழியால் வந்து, சைக்கிளிலிருந்து இறங்காமல் ஒரு காலை நிலத்தில் ஊன்றி நின்றார். ஓவசியர் ஐயாவின் கேற்றுக்கு எதிர்ப்பக்கத்தில் நில அளவையாளர் நட்ட பழைய எல்லைக் கல் இருக்கிறது. அதிலிருந்து இந்தப் பக்கத்து எல்லை வரை பன்னிரண்டு அடி என்று படம் சொன்னது. ஐயா நாடாவின் தலைப்பைக் கல்லில் வைத்துக் குந்தியிருந்தார். நான் நாடாவை இழுத்துக்கொண்டு வந்து அவருடைய மதிலில் வைத்துப் பார்த்தேன்.

பத்தடி இரண்டு அங்குலம்.

கேற்றடியில் அக்கா என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பன்னிரண்டு என்று சொல்ல எனக்கு ஆசை வந்தது; என் எழுத்தையும் என் வாசிப்பையும் அந்த ஒழுங்கையில் யாரும் சந்தேகிக்கமாட்டார்கள். அப்படிச் சொல்லியிருந்தால் அந்தப் பின்னேரமே குறுக்கு மதில் போயிருக்கும். ஆனால் சகடைக்கும் அதன் இரண்டு பக்கமும் பிடித்து வருகிறவர்களுக்கும் பதினோரடி வேண்டும். நான் சொல்லுகிற பொய்க்குள்ளால் அது போகாது.

எண்ணைச் சொன்னேன்.

"நாடா தொய்யுது பிள்ளை, இறுக்கிப் பிடியும்" என்றார் ஓவசியர் ஐயா.

இறுக்கிப் பிடித்தேன். பத்தடி ஒன்றரை அங்குலம். அதையும் சொன்னேன்.

"விடுங்கோ ஐயா" என்றார் அடுத்த வீட்டு மாமா. "இன்னும் இறுக்கினால் ஒழுங்கையே காணாமல் போயிடும்."

சிரித்தவர்களில் தோட்டக்கார அண்ணை இல்லை என்பதை எழுதி வைத்திருக்கிறேன். அவர் சைக்கிளை விட்டு இறங்கி, அதைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

யாரும் நிலத்தைக் களவெடுக்கவில்லை. எங்கள் ஊர் வேலியே அப்படிப்பட்டது. கதியால் என்று நாங்கள் நடுகிற உயிர்த் தடிகள் வேர் பிடித்து, பருத்து, ஒன்றிரண்டு பட்டுப்போகும். பட்டதற்குப் பக்கத்தில் புதுக் கதியால் நடவேண்டும். வளவுப் பக்கம் வேர் நிறைந்திருக்கும், குழி கிண்டுகிற அலவாங்குக் கம்பி இறங்காது. ஒழுங்கைப் பக்கம் மண் இளக்கம். ஆகவே ஒரு சாண் வெளியே போகும். சில வருடம் கழித்து அதற்கும் வெளியே இன்னொன்று. வேலி அடைக்க வருகிறவர் நல்ல மனதோடுதான் இதைச் செய்வார். இப்படி ஊர்ந்து ஊர்ந்து வந்த வேலியின் கடைசிக் கோட்டில் அத்திவாரம் வெட்டி மதில் கட்டியபோது பிழை சீமெந்தாகிவிட்டது. இதை ஓவசியர் ஐயா ஐம்பது கடிதத்திலாவது விளங்கப்படுத்தியிருப்பார். ஒரு ஒழுங்கைக்குத் தார் போடும்போது அதை முழுக்க அளப்பது சபையின் வழக்கம். எங்கள் ஒழுங்கையின் கடைசி மூன்று வீட்டுக்குத் தார் போகவில்லை. போகவிடாதவர் அவர். அதனால் அந்த இடத்தை அன்றுவரை எவரும் அளக்கவில்லை.

அவர் நாடாவைச் சுருட்டி உறைக்குள் வைத்து, உறையின் பொத்தானைப் பூட்டி, உள்ளே போனார். அன்று முழுக்க வெளியே வரவில்லை. பின்னேரம் நான் போனபோது அக்கா குசினி வாசலில் இருந்தார். குடம் பாதி மினுக்கியபடி கிடந்தது. "இந்த வருசமும் மேசையைத் தூக்கச் சொல்லுறதோ, விடுறதோ தெரியேல்லை" என்றார். "ரெண்டு பேருக்கும் அறுபது தாண்டிட்டுது பிள்ளை. இனி எத்தினை திருவிழாவுக்குத் தூக்குவார்?" பிறகு குடத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "நான் இவ்வளவு நாளும் தோட்டக்கார அண்ணையைத்தான் பேசிக்கொண்டிருந்தனான்" என்று சொல்லித் தனக்குள் சிரித்தார்.

வியாழக்கிழமை காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு அலவாங்குச் சத்தம் கேட்டு எழும்பிப் போனேன். ஓவசியர் ஐயா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தன் மதிலை இடித்துக்கொண்டிருந்தார். பச்சைக் கேற் கழற்றப்பட்டு மாமரத்தில் சாய்ந்திருந்தது. "ஒரு கிழமை பொறுத்து மேசனைப் பிடிச்சுச் செய்யலாமே ஐயா" என்றேன். "ஏலாது பிள்ளை. கடுதாசி போட்டால் பதினாலு நாள் தவணை குடுக்கவேணும். எனக்கு எட்டு நாள்தான் கிடக்கு" என்றார்.

சத்தம் மறுபக்கத்துக்கும் போயிருக்கிறது. சற்று நேரத்தில் குறுக்கு மதிலுக்கு மேலால் தோட்டக்கார அண்ணையின் தலை தெரிந்தது. எதிலோ ஏறி நின்றிருக்கவேண்டும். ஒழுங்கை கூடி நின்று பார்ப்பதையும், ஓவசியர் ஐயா அலவாங்கை ஓங்குவதையும் அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓவசியர், மேற்கல்லிலை இருந்து தட்டுங்கோ. கீழை இருந்து தட்டினால் முழுக்கக் காலிலை விழும்."

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சால் உப்பிடித் தட்டமாட்டியள். கல்லு உடையாமல் கழட்டினால் திருப்பிக் கட்டலாம். இஞ்சை தாருங்கோ, நான் காட்டுறன்" என்றவர், இறங்கப்போய் நின்றுவிட்டார். காட்டுவதற்கு வரவேண்டும். வருவதற்குச் சுற்றுவழியில் பதினேழு நிமிடம். தலை மறைந்தது. போய்விட்டார் என்றே நினைத்தோம். ஐந்து நிமிடம் கழித்து அந்தப் பக்கத்திலிருந்தும் அலவாங்குச் சத்தம் கேட்டது. மேல் கல்லிலிருந்துதான் தொடங்கினார். பத்து மணிபோல இரண்டு மதிலும் கல் கல்லாக அடுக்கப்பட்டிருக்க, இரண்டு கிழவர்களும் ஒரே செம்பில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். என்ன கதைத்தார்கள் என்று கேட்கக் கிட்டப் போனேன். சீமெந்துக்கு மண் எத்தனை பங்கு என்பதில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

இன்று அந்த ஒழுங்கை முழுக்கத் தார். கைத்தொலைபேசி வரைபடத்தில் அது இரண்டு வீதியைத் தொடுக்கிற கோடாகத் தெரிகிறது. எங்கோ இருந்து வருகிற ஓட்டோக்காரர்கூட எங்களைக் கேட்காமல் அதற்குள்ளால் போகிறார். காலையில் பள்ளிக்கூட வான், பின்னேரம் ரியூசன் பிள்ளைகளின் சைக்கிள்கள். நான் சந்தைக்கு மூன்று நிமிடத்தில் போய்விடுகிறேன். பொட்டுக்குள் சைக்கிளைச் சரிக்கிற நேரம் மிச்சம். ஒழுங்கையில் பெடியள் கிரிக்கெட் விளையாடுவது நின்றுவிட்டது, அது உண்மை. கொடியில் காய்கிற உடுப்பில் தூசி படிகிறது. ஓவசியர் ஐயா போய் நாலு வருடமாகிறது. அக்கா, பின்னுக்கு எடுத்துக் கட்டிய மதிலின் கேற்றைத் திறந்துவைத்துக்கொண்டு, போகிற வருகிறவர்களை விசாரிக்கிறார். வழி கேட்டவரும் அவர்தான். மோட்டார் சைக்கிள்கள் பறக்கின்றன, வேகத்தடை போடுங்கள் என்று சபைக்குக் கடிதம் எழுதுவித்தவரும் அவர்தான். நான் எழுதிக் கொடுத்தேன். கடைசியில் "தங்கள் உண்மையுள்ள" என்று போடச் சொன்னார்.

ஆனால் எனக்கு எழுத ஆசையாயிருந்தது திருவிழா நடந்த அந்த வெள்ளிக்கிழமைப் பின்னேரத்தைப் பற்றி. கோயில் தலைவர் முதல்நாளே இரண்டு பேரோடு வந்து, பதினோரடியில் வெட்டிய ஒரு மூங்கில் தடியைக் குறுக்கே பிடித்துக்கொண்டு ஒழுங்கை முழுவதும் நடந்து பார்த்திருந்தார். தடி எங்கும் தட்டவில்லை. பிள்ளையார் உள்ளே வருவார் என்று சொல்லிவிட்டார். ஐந்து மணி இருபதுக்குச் சகடை வைரவர் கோயிலடியில் எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பியது. முதன்முறையாகப் பதினொரு மேசைகளும் பதினொரு வாசலில் நின்றன. கடைசி வீட்டில் வாசல் இருந்தது, கேற் மாமரத்தில் இருந்தது, மதில் கல்லாக அடுக்கியிருந்தது. ஓவசியர் ஐயா மேசையை இரண்டுதரம் பின்னுக்கு எடுப்பித்தார். பிறகு சகடைக்கு முன்னால் ஓடி, அதைப் பார்த்தபடி பின்பக்கமாக நடந்துகொண்டு, "வரட்டும், வலப்பக்கம் அரை அடி இருக்கு, வரட்டும்" என்று கையைக் காட்டிக்கொண்டே வந்தார். வடத்தைப் பிடித்திருந்தவர்களில் தோட்டக்கார அண்ணையும் ஒருவர். "உவர் பிள்ளையாருக்கும் றிவேர்ஸ் சொல்லிக்குடுப்பார்" என்று அவர் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

சகடை படலை இருந்த இடத்தில் நின்றது. ஐயர் இறங்கி வந்து, "ஆற்றை பேருக்கு?" என்று கேட்டார்.

அக்கா பித்தளைக் குடத்தில் ஒரு கையை வைத்தபடி தோட்டக்கார அண்ணையின் பெயரைச் சொன்னார்.

வடத்தைப் பிடித்திருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நட்சத்திரம்?" என்றார் ஐயர்.

அக்கா அண்ணையைப் பார்த்தார். "நட்சத்திரம் என்ன அண்ணை?"

"எனக்கெங்கை தெரியும்? மனுசிக்குத்தான் தெரியும்."

அவருடைய மனைவி அங்கே இல்லை. இடித்த மதிலுக்கு அப்பால், புது ஒழுங்கையின் நடுவில், தன் மகளின் துண்டுக்கு முன்னால் குடம் வைத்துக் காத்துக்கொண்டிருந்தார். "கெதியாக் கேளுங்கோ, சுவாமி நிக்குது" என்றார் ஐயர். ஓவசியர் ஐயா திரும்பி, மதில் நின்ற இடத்தைப் பார்த்துக் கேள்வியைக் கூப்பிட்டுச் சொன்னார். அங்கே நின்ற ஒருவர் அதை வாங்கி அடுத்தவருக்குச் சொன்னார். அது ஆள் ஆளாக அந்தப் பக்கம் போவது எங்களுக்குக் கேட்டது. மேளம் நின்றிருந்தது. ஐயர் பூவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஒரு நிமிடத்துக்கு மேல் பிள்ளையார் எங்கும் நிற்பதில்லை, அன்று நின்றார்.

பிறகு பதில் ஒவ்வொரு வாயாக இந்தப் பக்கம் வந்தது. பூரட்டாதி. ஓவசியர் ஐயா அதை இன்னொருமுறை கேட்டுச் சரிபார்த்து ஐயரிடம் சொன்னார்.